மேகலாவின் இருபது சிப்

4 ஆகஸ்ட், திங்கள்
விடியலிலிருந்து மழை. பேக்டரி பஸ் லேட். மூவார் பாலத்தில் ஜாம்.

நேற்று கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. இடது மணிக்கட்டில், மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் வைத்துப் பெரிதாகவே கட்டிவிட்டார் பூசாரி. ஞாயிறு தீமிதி. என் வீட்டுக்காரர் பிழைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டது. அவர் போய் ஒன்றரை வருஷம். அதற்காக அம்மனிடம் பேச்சு மாற முடியுமா.

பாலோவில் இருக்கும் என் அண்ணன் மகள் மேகலா இந்த வாரம் என் வீட்டில். பினாங்கில் சிப் டிசைன் செய்கிறாள். அவள் வரைந்ததை எங்கள் பேக்டரியில்தான் டெஸ்ட் செய்கிறோம். இருபதே சாம்பிள். மேசையில் நான். எனக்குக் கை நடுங்காது என்று சூப்பர்வைசர் கக் நோர்மா என்னைப் போட்டாள்.

“போன்லேருந்து பேச்சைத் தூக்கி டவருக்கு அடிக்கிறது இதான் அத்தை. பேட்டரி குடுக்கிற கரண்டுல பாதி சூடாவே வீணாப் போவும். என்னோடது கம்மியா வீணாக்கும்.”
“அப்போ நம்ம அடுப்பு மாதிரியா?”
“ஐயோ, அடுப்பு சூடாகணும் அத்தை. இது சூடாகக் கூடாது!”

நாலு டெஸ்ட். இரண்டு பாஸ், இரண்டு செத்தது.

வாங்க: கற்பூரம், எலுமிச்சை 9, மஞ்சள் புடவைக்கு ஃபால்ஸ், கேஸ்.

5, செவ்வாய்
வெயில். விரதம், ஒரு வேளைச் சோறு. முட்டி வலி.

ஆறு டெஸ்ட். ஐந்து போச்சு. சும்மா இருக்கும்போதே கரண்ட் இழுக்கிறதாம், உள்ளே ஓட்டை விழுந்த மாதிரி.

கக் நோர்மா உதட்டைப் பிதுக்கினாள். “அலமாக், டிசைன் லெமா லா.” பலம் போதாதாம். மேகலா காதிலும் விழுந்தது.

வெள்ளிக்கிழமை அவள் பாஸுக்கு ரிப்போர்ட் போகவேண்டும். இப்படியே போனால் டிசைனை மூடிவிடுவார்கள். மூன்று வருஷ வேலை.

கேஸ் வாங்க மறந்தேன்.

6, புதன்
மேலும் இரண்டு போட்டேன். இரண்டும் போச்சு.

மத்தியானம் கைப்பட்டையைக் கழற்றினேன். நம் உடம்புக் கரண்ட் சிப்பில் பாயாமல் தரைக்குப் போகக் கட்டுகிற பட்டை. உள்பக்கத் தகடு தோலில் படவேண்டும். தகடு முழுக்க மஞ்சள்.

திங்கள் காலை கதவுப் பக்கம் பட்டையைச் சோதிக்கிற மெஷினில் இடது கைக்குச் சிவப்பு விளக்கு. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். வலது கையில் மாட்டினேன், பச்சை. மேசைக்கு வந்ததும் வலது கை வேலைக்கு வேண்டுமே என்று இடதுக்கு மாற்றினேன். காப்புக்கு மேலேயே. செவ்வாயும் அப்படி. இன்றும்.

சிப்புக்கு ஒன்றும் இல்லை. நான்தான்.

பயம்கூட வரவில்லை. மஞ்சளைத் துடைத்தேன்.

தலைவலி என்று சொல்லி மேசையை விட்டு எழுந்தேன். சாயங்காலம் மேகலா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “கரண்ட் மிச்சம் பண்ணணும்னு ரொம்ப மெல்லிசா வரைஞ்சிட்டேன் அத்தை. பேராசை.” சொல்லியிருக்கலாம். “ரசம் ஊத்தவா?” என்றேன். பாத்திரம் கழுவினேன்.

7, வியாழன்
மப்பு. மழை இல்லை.

பேக்டரி வாசலில், அவள் காரிலேயே சொன்னேன். மணிக்கட்டைக் காட்டினேன். 

“எப்போ தெரிஞ்சுது?”
“நேத்து மத்தியானம்.”
“ஏன் அப்பவே சொல்லலே?”
“தெரியலேம்மா.”
“நேத்து சாயங்காலமே பாஸுக்கு மெயில் போட்டுட்டேன். தப்பு என்னோடதுன்னு.” அப்புறம், “மாமாதான் போயிட்டாரே. யாருக்காக அத்தை இந்தக் காப்பு?”

அவள் கேட்டதில் தப்பில்லை.

மீதி எட்டையும் வேறு பெண் டெஸ்ட் செய்தாள். எட்டும் பாஸ். சூடே இல்லை. மேகலா திரும்பி நின்று அழுதாள். நான் நின்றேன்.

கக் நோர்மா: “கழட்ட முடியாதா?” ஞாயிறு வரை முடியாது என்றேன். தலையாட்டினாள். நாளையிலிருந்து எனக்குப் பேக்கிங் வேலை. வார்னிங் லெட்டரும் உண்டு.

மேகலா பாஸுக்குப் போன் போட்டாள். செத்த ஒன்பதும் யார் கையில், எப்படி என்று எழுதிக் கொடுத்தால் அதைக் கழித்துவிட்டுப் பார்ப்பாராம். இல்லாவிட்டால் நேற்றுப் போட்ட மெயில்தான்.

8, வெள்ளி
காலையில் மேகலா லேப்டாப்பில் பாஸ் கேட்ட ஃபாரத்தை நிரப்பினாள். நேற்றிலிருந்து என்னிடம் பேச்சில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஆபரேட்டர்னு மட்டும் போடவா?”
“யார்னு கேட்டிருக்காங்கள்ல. பேரைப் போடு.”
“முழுப் பேரா?”
“ஐசியில, அடையாளக் கார்டுல இருக்கிற மாதிரி.”

அப்படியென்றால் என் அப்பா பெயரும் சேர்ந்து வரும். அவளுடைய தாத்தா. அவள் விரல் அங்கே நின்றது. பிறகு அடித்தாள், ஒவ்வொரு எழுத்தாக.

அனுப்பிவிட்டாள்.