சக்கரம் பார்த்த திசை

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் பாப்பாவும் உங்கள் தம்பியும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போன் எடுக்காத காட்டில் வேலை என்று போய்விட்டீர்கள். அதில் ஒரு நன்மை, எனக்கு விட்டுப்போன கையெழுத்து திரும்பி வந்துவிட்டது. இருமல் என்று எழுதியிருந்தீர்கள். வெந்நீர் குடியுங்கள் என்றால் குடிக்கமாட்டீர்கள், தெரியும். சொல்லிவைப்பது என் கடமை.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "அப்பா வர்றதுக்குள்ள மொளச்சிடுமாம்மா?" என்று கண்ணாடி முன்னாலேயே நிற்கிறாள்.

இனி எருமை சமாச்சாரம். நம் தண்ணீர் லாரிக்கு நீங்கள் வைத்த பெயரை இப்போது குவாரியில் எல்லோரும் சொல்கிறார்கள். "எருமை வந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி" என்று கல் உடைக்கிறவர்கள் வழியிலேயே குடத்தோடு நிற்கிறார்கள். அந்த மலைக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி தவிர வேறு எதுவும் ஏறாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த எருமைக்குத்தான் முன்னங்கால் போய்விட்டது. ஏற்றத்தில் முன்பக்கம் டக் டக் என்று சத்தம். ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்பினால் சக்கரம் யோசித்து ஒரு விரல்கடை திரும்பியது. நம் மெக்கானிக் பொறுமை அண்ணனிடம் கொண்டுபோனோம். (யார் என்ன கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?) அவர் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பாப்பாவின் பல்லைப் போல ஆடியது. பிரித்துப் பார்த்தால், சக்கரம் திரும்புகிற முளைகள் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டன. பேரிங் உட்காரும் இடம் அரித்துப்போயிருந்தது. பழைய வெல்டிங்கை ஒட்டி அச்சுக்கூட்டிலேயே விரிசல். "இது ரிப்பேர் இல்ல தங்கச்சி. இழுத்துக்கிட்டுக் கெடக்கிற உசுரு. ஃப்ரண்ட் ஆக்சிலையே மாத்தணும்" என்றார்.

இந்த மாடலுக்குப் புதிது இனிமேல் வராதாம். பழைய இரும்புக் கடையில் தேடி, இதே மாடலின் முன் அச்சை முழுதாகக் கண்டுபிடித்துவிட்டார் உங்கள் தம்பி. அது இருந்த வண்டி நசுங்கிப்போயிருந்தாலும் அச்சு மட்டும் அடிபடாமல் இருந்ததாம். துருப்பிடித்த போல்ட்டுகளை அறுத்து, பழையதை இறக்கி, இதை உருட்டிக்கொண்டுபோய் ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் பொருத்தினார்கள். உள்ளே கிரீஸோடு சிவப்பு மணல் கலந்திருந்தது. டீசலில் கழுவினார்கள், துடைத்தார்கள், மறுபடி பார்த்தால் மறுபடி மணல். "எங்கேர்ந்துடா வருது இது?" என்று பொறுமை அண்ணனே பொறுமை இழந்தார். கடைசியில் சுத்தமாகிவிட்டது. ஓட்டிப் பார்த்தோம். வண்டி கோடு போட்டதுபோலப் போனது.

கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும். ஷெட்டில் சக்கரத்தை நேராக வைத்துத்தான் நிறுத்தினேன் என்று தம்பி சத்தியம் செய்கிறார். காலையில் பார்த்தால் முன்சக்கரம் இரண்டும் இடப்பக்கம் திரும்பியிருந்தன. பாப்பா விளையாடியிருப்பாள் என்று அவளைத் திட்டிவிட்டேன். அவளுக்கு ஸ்டியரிங் எட்டவே எட்டாது என்பது பிறகுதான் உறைத்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

பாப்பாவின் அம்மா

*

பாப்பாவின் அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். என் முந்தைய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. முகாமை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள் என்று தம்பி சொல்கிறார். நான் போட்டது திரும்பி வராததால் உங்கள் கைக்குச் சேர்ந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

சக்கரம் தினமும் திரும்புகிறது. நாம் பார்க்கும்போது அல்ல. நேராக வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. பொறுமை அண்ணன் காற்று பார்த்தார், டயரை இடவலமாக மாற்றிப் போட்டார், இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற கம்பியை அளந்தார். எல்லாம் சரி. தரை சாய்வோ என்று ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவிலேயே நின்றது. "பொறுமை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்து, பின்பக்கமாக உள்ளே விடச் சொன்னார். இப்போது இடப்பக்கம் திரும்பட்டும் பார்க்கலாம் என்றார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம்.

சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர்தான் முதலில் வண்டி நின்ற விதத்தைக் கையால் காட்டி, பிறகு இப்போது நிற்கிற விதத்தைக் காட்டினார். வண்டியை எப்படி நிறுத்தினாலும் சக்கரம் ஒரே திசையைத்தான் பார்க்கிறது. மலையை. தம்பி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நல்ல பகல் வெயில், தெருவில் ஆட்கள், பக்கத்துப் பட்டறையில் ரேடியோ. அத்தனைக்கும் நடுவில் நான் சக்கரத்திலிருந்து ஒரு எட்டு தள்ளி நின்றுகொண்டேன்.

தண்ணீர் கொண்டுபோகாமல் இருக்க முடியுமா? போய்க்கொண்டுதான் இருக்கிறோம். மலைக்கு முன்னால் வறண்ட ஆற்றில் இறங்கிப் போகிற வழி இருக்கிறதே, அங்கே இரண்டாவது வளைவில் ஸ்டியரிங் தம்பியின் கையை மீறுகிறது. முரட்டுத்தனமாக இல்லை. கூட்டத்தில் நம் சேலைத் தலைப்பை யாரோ பிடித்து இழுப்பதுபோல. அந்த இடம் தாண்டிவிட்டால் ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது அதே இடத்தில் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. "அண்ணி, இனிமே நான் தனியாப் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். உங்கள் தம்பி பயந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பழைய இரும்புக் கடைக்காரரிடம் நானே போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினார். நான் நகரவில்லை. பிறகு சொன்னார். அந்த அச்சு இருந்த லாரி, சில வருஷங்களுக்கு முன் இதே ஆற்றில் காட்டு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. ரொம்ப தூரம் உருண்டுபோய்க் கிடந்ததாம். கதவு திறந்திருந்தது, டிரைவரைக் காணோம். வெள்ளம் போன வழியெல்லாம் கீழே தேடிப் பார்த்து விட்டுவிட்டார்கள். அதே வாரம் ஊரில் ஒரு பெண்ணும் வீட்டைவிட்டுப் போயிருந்தாள். ரெண்டையும் முடிச்சுப் போட்டு, "ஜோடியா ஓடிட்டான்" என்று பேசி முடித்துவிட்டார்கள். "அவன் பொண்டாட்டி இங்கதாம்மா இருக்கு. தையல் மிஷின் வச்சுப் பொழைக்குது" என்றார்.

நாளை நானும் வண்டியில் போகப்போகிறேன். பொறுமை அண்ணனும் வருகிறார். பாப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விடுகிறேன். இழுத்தால் இழுக்கிற பக்கம் விட்டுவிடுவது என்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம். நீங்கள் இருந்தால் திட்டுவீர்கள். திட்ட ஆள் இல்லாததும் ஒரு தைரியம்தான்.

பாப்பாவின் அம்மா

*

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனதற்கும் பதில் வராததால் இந்தக் கடிதத்தை உங்கள் காண்டிராக்டரின் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். அவர்களாவது சேர்ப்பித்தால் புண்ணியம். நாங்கள் நலம்.

போன கடிதத்தில் விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். ஆற்றில் இறங்கும்போது உச்சி வெயில். இரண்டாவது வளைவு வந்ததும் தம்பி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். வண்டி சின்ன கியரில் தானே ஊர்ந்தது. ஸ்டியரிங் மெதுவாகச் சுற்றுவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே ஒரு பறவைச் சத்தம் இல்லை. இஞ்சின் சத்தம்கூட எங்கேயோ வேறு வண்டியிலிருந்து வருவதுபோலக் கேட்டது. பாறைகளை விலக்கி, முள்ளை விலக்கி, வழி தெரிந்த ஆள் நடப்பதுபோல அது போனது. வெள்ளம் போகிற திசைக்கு எதிராக, மேலே. கீழே தேடியவர்கள் யாரும் பார்க்காத பக்கம்.

கரையை ஒட்டி ஒரு சின்ன ஓடை பிரிகிறது. அதன் வாயில் போய் இஞ்சின் அணைந்தது. யாரும் இறங்கவில்லை. "பொறுமை" என்று அண்ணன் சொன்னபோது அவர் குரல் அவருடையதாக இல்லை. பிறகு அவர்தான் முதலில் இறங்கினார்.

கொஞ்ச தூரத்தில் குடை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. அடியில் சிவப்பு மணல். அந்த மனுஷன் முதுகைப் பாறையில் சாய்த்து உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார். மிச்சம் இருந்ததை நான் எழுதப்போவதில்லை. ஒரு கால் எலும்பு உடைந்திருந்தது என்று பிறகு போலீஸ்காரர் சொன்னார். வெள்ளத்திலிருந்து தப்பி, உடைந்த காலோடு அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்து நிழலில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் வழி தெரிகிறது. வண்டிகள் போவதைப் பார்த்திருப்பார். கூப்பிட்டிருப்பார். குவாரிக்குப் போகிற வண்டிச் சத்தத்தில் யார் காதில் விழும்?

அவர் மனைவியைப் போலீஸ் கூட்டிவந்தார்கள். பாறைக்கு அடியில் கிடந்த செருப்பைக் காட்டியதும், "வார் அறுந்துச்சு, நான்தான் பச்சை நூல்ல தச்சுக் குடுத்தேன்" என்றாள். அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மத்தியானம் நம் ஷெட்டுக்கு வந்தாள். கேட்காமலே எருமையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முன்சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். மாட்டுக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி.

நான் தண்ணீர் கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பழி போச்சும்மா, ஓடிப்போனான்னு சொன்ன வாயெல்லாம் இப்ப அடைச்சுப் போச்சு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நானும் அதைத்தான்க்கா நம்பிக்கிட்டு இருந்தேன். ஓடிப்போயிருந்தா எங்கேயாச்சும் சாப்பிட்டுட்டு இருக்கும்ல. அவ நல்லா சமைச்சுப் போடணும்னு வேண்டிக்கூட இருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஓட்டும்போது வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. வளைவில் இழுப்பதில்லை. மணலும் இல்லை. இருந்தாலும் அந்த அச்சைக் கழற்றிவிட்டு வேறு தேடச் சொல்லிவிட்டேன். "நல்லா இருக்கிறதை எதுக்கும்மா கழட்டணும்?" என்று பொறுமை அண்ணன் கேட்டார். வேறு கிடைக்கும்வரை காலையில் ஷெட் கதவை நான் திறப்பதில்லை. தம்பிதான் திறக்கிறார். அவர் உள்ளே போய், வண்டியை வெளியே எடுத்து, நேராக நிறுத்திவிட்டுக் கூப்பிட்ட பிறகுதான் போகிறேன். சக்கரம் இப்போது எந்தத் திசையைப் பார்க்கிறது, நீங்கள் போன திசையையா என்று நான் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. நேற்று அவர் கண் சிவந்திருந்தது. டீசல் புகை என்றார்.

இன்னொன்று. உங்களுக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். உங்களுக்கு அங்கே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது என்று ஊரில் பேசுகிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முதலில் கேட்டபோது சண்டைக்குப் போனேன். இப்போது யாராவது சொன்னால் நின்று முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன். யார் பார்த்தது, எங்கே பார்த்தார்கள், இளைத்திருந்தாரா என்று நானே தூண்டித் தூண்டிக் கேட்கிறேன். அவர்களுக்கே சலித்துவிடுகிறது.

அது நிஜமாக இருந்தால் இருக்கட்டும். வரச் சொல்லி நச்சரிக்கமாட்டேன். பாப்பாவிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் எழுத வேண்டாம், அங்கே உங்களோடு இருக்கிறவளையே எழுதச் சொல்லுங்கள். "இருக்கிறார்" என்று ஒரு வார்த்தை போதும். அவள் கையெழுத்தை நான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

எந்த ஊரில் இருந்தாலும், யாரோடு இருந்தாலும், உங்களுக்கு வேளைக்குச் சோறும், கூப்பிட்ட குரலுக்கு ஒரு ஆளும் இருக்கட்டும்.

என்றும்
பாப்பாவின் அம்மா