முதல் பை யார் கையில்

என் பகவதிக்கு,

நீ போன இடத்தில் ஓணம் சீசன் உண்டா என்று தெரியாது. இங்கே தொடங்கிவிட்டது. விடிந்து கொஞ்ச நேரம் ஆகிறது, குக்கர் அடுப்பில் இருக்கிறது. உள்ளறையில் உமா புடவைக்கு இஸ்திரி போடுகிறாள். பெட்டி மேசையில் இடிக்கிற இடியைக் கேட்டால் கோபம் புடவை மேல் இல்லை, என் மேல்தான் என்று தெரிகிறது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கடை திறக்கும். அதற்குள் உன்னிடம் சொல்லியாக வேண்டும். நம்ம தெரு வாசகசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இதையே கொடுத்துவிடுகிறேன், ஊரே படிக்கட்டும். வெட்கப்பட்டு எனக்குப் பழக்கம்தானே?

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். உன் மகள் புடவை மாடிக்கு மேனேஜர் ஆகியிருக்கிறாள். ஆமாம், நீ கால் கடுக்க நின்று புடவை விரித்த அதே ஆரியசாலைக் கடைதான். நான் இன்னும் அதே மாடியில், அதே மூலையில், பெண்கள் விரித்துப் போட்டதை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பத்தாங்கிளாஸைத் திரும்பத் திரும்ப எழுதியவனுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? கடைசியில் பரீட்சைதான் என்னைப் பார்த்து அலுத்துப்போனது.

ஆக, உன் மகள் எனக்கு மேலதிகாரி. லீவு வேண்டுமானால் அவளிடம் கேட்க வேண்டும். நான் வைத்த ரசத்தில் உப்பு குறைவு என்று அவள் சொன்னால்கூட மெமோ கொடுத்த மாதிரி இருக்கிறது.

ஆனால் முதலாளி ஒரு கொக்கி போட்டு வைத்திருக்கிறார். "ஓணம் கழியட்டும், அப்புறம் உறுதி பண்ணலாம்" என்கிறார். அவளுக்கு முன்னால் இருந்த மேனேஜர்கள் எல்லாம் ஆண்கள். அவர்களில் யாரையும் ஓணம் வரை வைத்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கைநீட்டம் உனக்கு மறந்திருக்காது. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அன்றன்றைக்கு நடக்கிற முதல் விற்பனைக்கு இங்கே அதுதான் பெயர், ஊர்ப்பக்கம் போணி என்பார்கள். நம்ம கடை வழக்கப்படி அந்த முதல் பையை மேனேஜர் தன் கையால் கொடுக்க வேண்டும். அந்தக் கையின் ராசிதான் அன்றைய வியாபாரம். நீ விரித்து, பேசி, உன் தோளிலேயே போட்டுக் காட்டி முடித்த வியாபாரம் என்றாலும் பை மட்டும் மேனேஜர் கை வழியாகத்தான் போகும். "ஏன், எங் கைல என்ன, முள்ளா இருக்கு?" என்று நீ ஒருநாள் கேட்டாய். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

சிங்ஙம் ஒன்று, அதாவது மலையாள ஆவணி முதல் தேதி, ஓணம் வியாபாரம் தொடங்குகிற நாள். அதற்கு முந்தின நாள் முதலாளி என்னைக் கீழே கூப்பிட்டார்.

"சங்கரலிங்கம், நாளைக்குக் கைநீட்டம் நீ குடு."

"நானா மொதலாளி? மேனேஜர் உமால்லா?"

"உமா மிடுக்கிதான், ஒரு கொறையும் சொல்லல. ஆனா சீசன் தொடங்குற நாளு, ஒரு ஆம்பிளக் கை வேணும். நீ அப்பன்தானே? ரெண்டும் ஒரே வீட்டுக் கைதான், கேட்டியா."

என் தலையைப் பற்றி உனக்குத் தெரியும். முதலாளியைக் கண்டால் அது என்னைக் கேட்காமலே ஆடும். அன்றும் ஆடிவிட்டது.

எனக்கு மரியாதை செய்கிறார் என்று பாதிப் படி ஏறும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன் பார்! மேலே உமா, யாருக்கு எந்த கவுண்டர் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். உன்னோடு கவுண்டரில் நின்ற ஷீஜா கேட்டாள்: "உமா, நாளைக்குக் கைநீட்டம் நீயல்லே?"

"பின்னே யாரு?" என்றாள் உமா.

அன்று அதற்கப்புறம் ஒரு புடவைகூட எனக்கு நேராக மடியவில்லை. வீட்டிலும் சொல்லத் துணிவு வரவில்லை. மறுநாள் காலையில் பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். என்ன வேண்டிக்கொள்வது? மகளுக்காக வேண்டினால் முதலாளிக்கு எதிராகிவிடும். "பாத்துச் செய்யும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளையாருக்கே குழம்பியிருக்கும்.

கடை திறந்ததும் முதலாளி மாடிக்கே வந்து நின்றுவிட்டார். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவை எடுத்தார். ஷீஜா பையைக் கட்டி நீட்டினாள். வாங்க உமா கை நீட்டினாள்.

"சங்கரலிங்கம்!" என்றார் முதலாளி.

தலைக்குச் சளைத்ததா கால்? அது பாட்டுக்கு நடந்து போயிற்று. பை என் கைக்கு வந்துவிட்டது. உமா என்னைப் பார்த்தாள். அது உன் கண், பகவதி. 'உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?' என்று அந்தக் கண் கேட்டது.

"எந்தா, பை தரில்லே?" என்றார் அந்த அம்மா.

நான் திரும்பி உமாவிடம் பையை நீட்டினேன். "மேடம், கைநீட்டம்" என்றேன். வீட்டில் ஏட்டி என்று கூப்பிடுகிற வாயால் சொன்னேன். அவள் வாங்கி அந்த அம்மாவிடம் கொடுத்தாள். முதலாளி கீழே இறங்கினார். ஒவ்வொரு படியிலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் பெரிய ஆள். ஆனால் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மத்தியானம் தாண்டியும் படியேறி ஒரு ஆள் வரவில்லை. "கை சரியாவலியோ?" என்று ஷீஜாவே முணுமுணுத்தாள். உமா காதில் விழுந்தது. துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி மறுபடி மேலே வந்தார். "கண்டியா உமா? நான் வெறுதே சொல்லல. வழக்கம்னா அதுக்கொரு காரணம் காணும்."

உமா ஜன்னலைத் திறந்தாள். சாரல் உள்ளே அடித்தது. "எதிர்க்கடையப் பாருங்க சார். ஆள் இருக்கா?"

"இல்ல."

"அதுக்கு அடுத்த கடைல?"

அவர் எட்டிப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

"அங்கெல்லாம் காலைல கைநீட்டம் குடுத்தது எந்தக் கை சார்?"

பின்னால் ஒரு பெண் இருமுகிற மாதிரி சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. "நாளைக்குப் பாப்போம்" என்றார். போகிற போக்கில் என்னிடம், "சங்கரலிங்கம், நாளைக்கு நேரத்தே வா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன நாளைதான் இன்றைக்கு விடிந்திருக்கிறது.

சாயங்காலம் கிள்ளிப்பாலம் வரை ஒரே குடையில் நடந்தோம். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். எல்லார் முன்னாலும் மேடம் என்று சொன்னவன் இல்லையா?

"நீங்க பைய வாங்குனீங்க. அப்புறம்தான் எனக்குத் தந்தீங்க" என்றாள்.

"தந்தேன்லா?"

"நீங்க தந்து எனக்குக் கிடைக்கணுமாப்பா அது?"

குடைக்கு வெளியே இருந்த என் பாதி உடம்பு நனைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த பாதிக்கும் குளிர் ஏறிற்று.

இன்று என்ன நடக்கும்? முதலாளி அவளைக் கீழே பில் போட அனுப்பிவிடுவாரா? அனுப்பினால் எந்தப் பெண் அதற்கப்புறம் மேனேஜர் இடத்துக்கு ஆசைப்படுவாள்? இந்த வயதில் என்னை வீட்டுக்குப் போகச் சொல்வாரா? நீ இருந்தால் இந்நேரம் பதில் சொல்லியிருப்பாய். எனக்கும் ஒரு திட்டு விழுந்திருக்கும்.

இஸ்திரிச் சத்தம் நின்றுவிட்டது. "அப்பா, வாறீங்களா, நான் போவட்டுமா?" என்கிறாள். ஊதா நிறப் புடவை கட்டியிருக்கிறாள். உன்னுடையது.

பகவதி, கேள். இன்று முதலாளி என் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது நான் மடிப்பு மேசையில்தான் நிற்பேன். என் இரண்டு கையிலும் புடவை இருக்கும். இருக்கிறதிலேயே நீளமான, வழுக்குகிற பட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்வேன், சீக்கிரம் மடித்துத் தீராத மாதிரி. தலை ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும், அதற்கு நான் ஜாமீன் இல்லை. ஆனால் அந்தப் பையை வாங்க என் கை நீளாது. உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், மேடத்தின் அப்பா,
சங்கரலிங்கம்