அடுத்தவர் அட்டையில் ஆபரேஷன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அக்கா, நான் எல்லோரும் நலம். நீயும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நீ போனை எடுக்காததால் இதை எழுதி, அக்காவிடம் போட்டோ எடுத்து உன் அறைத்தோழன் தாடிக்காரத் தம்பி போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், அப்பாவின் கண்ணாடிகூடத் தப்பவில்லை. அவர் பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை செய்கிறார், காலையிலிருந்து ஒரே பக்கம்தான். எல்லாம் அந்தத் தம்பியின் மனைவி வந்துபோனதிலிருந்து. மகளுக்குச் சட்டை தைக்கத் துணி கொண்டுவந்தவள் என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி உனக்குக் குடலிறக்கமாம், அந்த நாட்டில் தங்கக் காகிதம் இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வேலை செய்தாயாம், இப்போது வலி தாங்காமல் அவள் புருஷனின் ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டி, அவர் பேரிலேயே திங்கட்கிழமை ஆபரேஷனாம். போன வருஷம் அவருக்கும் அங்கேதான் காலில் ஆபரேஷன் நடந்ததாம், எல்லா விவரமும் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம், நீ வாயைத் திறக்காமல் தலையாட்டினால் போதுமாம். நானும் மகராசி நன்றாக இருக்கட்டும் என்று டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவள் தெருமுனை தாண்டின பிறகுதான் எனக்கு உறைத்தது.

பென்சிலின் ஊசியை மறந்துவிட்டாயா? சின்ன வயதில் காலில் கட்டி வந்தபோது அதைப் போட்ட கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வீங்கி மூச்சு அடைத்து, அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினார். நீ நினைவில்லாமல் கிடந்தாய், பார்த்தவள் நான். அதற்கப்புறம் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் நோயைச் சொல்வேன். அந்தத் தம்பிக்கு எந்த ஊசியும் ஒத்துக்கொள்ளும். அவர் பேரில் நீ படுத்தால் டாக்டர் அவர் உடம்புக்குத்தானே வைத்தியம் பார்ப்பார்?

உடனே அக்காவை விட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "அதைச் சொன்னா சந்தேகம் வரும்க்கா, ரெண்டு பேரும் மாட்டிக்குவாங்க" என்றாளாம். அவள் பயமும் நியாயம்தான், அவளுக்கும் பிள்ளை இருக்கிறது. அதனால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடு. காகிதம் கேட்காமல் பார்க்கிற தர்ம ஆஸ்பத்திரி ஒன்று அங்கே இருக்கிறதாம், கூட்டம்தான் அதிகமாம், போய் வரிசையில் நில். அதற்குள் வலி அதிகமானாலோ வாந்தி வந்தாலோ எந்தப் பெரிய ஆஸ்பத்திரியானாலும் ஓடு, உன் சொந்தப் பேரில் போ.

பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்பாய். எனக்கும் பயம்தான். ஆனால் அனுப்பினால் நம் வீட்டுக்குத்தானே வருவாய். அந்தத் தம்பி பேரில் படுத்து உனக்கு ஏதாவது ஆனால் தகவல் அந்தப் பெண்ணுக்குத்தான் போகும், எனக்கு வராது.

மூட்டை தூக்காதே, அப்பா கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார். நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்கணும் சாமி. டாக்டரிடம் ஊசி விஷயத்தை முதலில் சொல்லு, மறந்துவிடாதே.

உனக்குப் பேர் வைத்த
அம்மா