கிண்ணம் நிறைய ஊற்றிய தேநீர்

மர்கிலான்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் இல்ஹோமுக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நாங்கள் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் போதும். அப்பா குளிருக்குப் புதைத்து வைத்த திராட்சைக் கொடிகளை மண்ணிலிருந்து எடுத்துப் பந்தலில் ஏற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், என் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் நீ வேலை செய்யும் கசானுக்கு வரும் அடுத்த வீட்டுக் கரோமத்தின் மருமகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சனோபர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிந்ததும் நம் ஊர் வழக்கப்படி குழந்தையோடு தாய்வீடு போன உன் பெண்டாட்டி ஒரு வாரத்தில் திரும்பியிருக்க வேண்டும், கொடிகள் தளிர்விட்டும் வரவில்லை. எனக்கும் கோபம்தான். அவளை ஒரு துரும்பை எடுத்துப் போட விட்டேனா, மாடு, அடுப்பு, துணி எல்லாம் நானே பார்த்தேன், இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று கரோமத்திடம் புலம்பிக்கொண்டே அவளுக்குத் தேநீர் ஊற்றினேன். கரோமத் கிண்ணத்தைப் பார்த்தாள், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "கெளம்புடின்னு வாயால சொல்லியிருந்தா தேயிலையாவது மிச்சமாயிருக்குமே அக்கா" என்றாள். பார்த்தால் விளிம்பு வரை ஊற்றி வைத்திருக்கிறேன். வேண்டியவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம், நிறைய ஊற்றினால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம், இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அப்போதுதான் பகீரென்றது. அந்த நாற்பது நாளும் சனோபருக்கு அப்படித்தானே ஊற்றி வைத்தேன். எழுந்து எழுந்து ஊற்ற முழங்கால் விடவில்லை, அவ்வளவுதான், சத்தியமாக என் மனதில் வேறொன்றும் இல்லை.

மறுநாளே சம்பந்தி வீட்டுக்குப் போனேன். சனோபர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "பொண்ணாப் பொறந்துடுச்சேன்னு போகச் சொல்றீங்கன்னு நெனச்சேன் அத்தை, தெனமும் குடிச்சுட்டு அழுவேன்" என்றாள். முழங்கால் விஷயத்தைச் சொன்னேன். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கிண்ணத்தைப் பாத்து எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். என் அலுப்பு எனக்குத் தெரியும், அவள் கண்ணில் பட்டது கிண்ணம் மட்டும்தான். அதோடு விட்டாளா, "உங்க பிள்ளையும் அப்படித்தான், போனை எடுத்ததும் 'வேற ஒண்ணும் இல்லையே'ன்னுதான் ஆரம்பிக்கிறாரு, இல்லைன்னு சொல்லி வச்சிடுறேன்" என்றாள். நீ நாளெல்லாம் செங்கல் தூக்கிவிட்டு வந்து பேசுகிறாய், எனக்குத் தெரியாதா. ஆனால் அவளுக்குக் கேட்பது அந்த ஒரு சொல்தான். எனக்கும் அதுதான் கேட்கிறது மகனே, நானும் எத்தனையோ சொல்லப் போனை எடுத்து ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டிருக்கிறேன்.

பிறகு அவளே தேநீர் கொண்டுவந்தாள். எவ்வளவு ஊற்றப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு வாய்தான் ஊற்றினாள். குடித்துவிட்டு நீட்டினேன், மறுபடியும் ஒரு வாய். வயிறு தளும்பியது, பொழுது சாயும் வரை நீட்டிக்கொண்டே இருந்தேன், அவளும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நம் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.

அடுத்த வாரம் திரும்பவும் போவேன். அதற்குள் நீ அவளைக் கூப்பிடு. அலுப்பாக இருந்தால் அலுப்பாக இருக்கிறது என்று சொல், அதற்கு அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள். குழந்தைக்கு உன் மூக்கு, அதைப் பற்றிக் கேள். கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே. அல்லாஹ் உன் கைகளுக்குப் பலமும் உன் வீட்டுக்கு வெளிச்சமும் தரட்டும். எதை மறந்தாலும் இதை மறக்காதே, அவளாகப் போனை வைக்கும் வரை நீ வைக்காதே.

உன் வரவையும் அவள் வரவையும் பார்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மா,
மஸ்தூரா