ஒயருக்கும் ஒரு பொட்டு

அக்டோபர் 7, 2024 – திங்கள்
வேலை கிடைத்துவிட்டது. பதினோரு வருஷம் கழித்து! செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு வீட்டிலிருந்தே ரிப்போர்ட் டைப் செய்ய வேண்டும். அடுத்த திங்கள் முதல் ட்ரயல். பத்து மணிக்குள் லாகின் ஆகாவிட்டால் ஆப்சென்ட். மூன்று ஆப்சென்ட் ஆனால் வேறு ஆள் பார்ப்போம் என்று மேனேஜர் நூர் நிஷா சொல்லிவிட்டார். என் கணவர், மாட்டுங்காவின் மகா கம்ப்யூட்டர் மேதை சுப்ரமணியன், "நன்னாப் பொழுது போகும்" என்றார். எனக்குப் பொழுதா போகவில்லை?

அக்டோபர் 11
ஆயுத பூஜை. கம்ப்யூட்டரைக் கழற்றி ஸ்வாமி முன்னால் வைத்து, இவரே சந்தனம் இழைத்துப் பொட்டு வைத்தார். மவுசுக்கு, மோடத்துக்கு, ஒயருக்குக்கூட. என்ன பக்தி! நாளை விஜயதசமிப் புனர்பூஜை ஆனதும் திரும்ப மாட்டுவதும் இவர்தானாம். எனக்குத் தெரியாதாம்.

அக்டோபர் 14
நெட் இல்லை. மேதை மோடத்தைப் பத்து தடவை அணைத்துப் போட்டார். நெட் கம்பெனிக்காரனோடு இந்தியில் சண்டை போட்டார். ஆபீஸ் போய்விட்டார்.
ஒன்று போச்சு.

அக்டோபர் 15
இரண்டு.
இதே மோடத்தின் வைஃபையில்தானே நேற்று ராத்திரி டோம்பிவிலியிலிருந்து தங்கை ஸ்ரீலேகா என் போனில் வீடியோ கால் பேசினாள்? முகம் பளிச்சென்று தெரிந்ததே. இவரிடம் சொன்னேன். "போன் வேற, கம்ப்யூட்டர் வேற. நோக்கு ஒண்ணும் தெரியாது, நகரு."
நாளையும் போனால் வேலை போச்சு.

அக்டோபர் 16
ஒன்பதரை. இவர் கிளம்பியதும் நானே உட்கார்ந்தேன். திரை ஓரத்தில் ஒரு குட்டிப் படம் இருக்கிறதே, அதை யாராவது அழுத்திப் பார்த்தோமா? அழுத்தினேன். கேபிள் இணைக்கப்படவில்லை என்று போட்டிருந்தது. மூன்று நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததா? மாட்டித்தானே இருக்கிறது – மோடத்து ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன்.
ஒயர் முனையில், சின்னச் சின்னத் தகடுகள் மேலேயே, காய்ந்துபோன சந்தனம். குங்குமம் வேறு. ஒயருக்கு நெற்றி எங்கே என்று தேடி, சரியாக அங்கே வைத்திருக்கிறார் மனுஷன்!
பழைய டூத்பிரஷால் தேய்த்து மாட்டினேன். பத்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது லாகின்.
சாயங்காலம் வந்தவர், தான் போட்ட சண்டையில்தான் கம்பெனிக்காரன் அலறியடித்துச் சரிசெய்திருக்கிறான் என்றார். காபி கொடுத்தேன்.

அக்டோபர் 21
ட்ரயல் முடிந்தது. என்னையே வைத்துக்கொள்கிறார்கள்.

அக்டோபர் 1, 2025 – புதன்
ஆயுத பூஜை. நான் லாக் அவுட் செய்யும்வரை சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.
"ஏன்னா, ஒயரை மட்டும் விட்டுடுங்கோ. போன வருஷம் நெட் போனது அதாலதான்."
கிண்ணத்தைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். "அப்பவே சொல்லப்படாதோ?"
"நேக்குதான் ஒண்ணும் தெரியாதே."
மானிட்டருக்கு மட்டும் வைத்தார். எங்கே வைக்கலாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டு.