பிலோமி அக்காவின் இரண்டு பக்கம்

வெள்ளி, ஏப்ரல் 3, 1959

காற்றே இல்லை. முற்றத்தில் கருவாட்டை இரண்டு தரம் புரட்டினேன். சரித்திரத்தில் மூன்று பாடம் பாக்கி. பரீட்சைக்குப் பதினொரு நாள்.

பிலோமி அக்காவுக்கு அமெரிக்காவிலிருந்து இன்னொரு உறை. இந்தத் தரம் தடியான உறை. போன மாதக் கடிதத்திலேயே இடம் கொடுத்தாயிற்று. கடல்பாசியைப் பற்றி இரண்டு வருடப் படிப்பு. மண்டபம் பாசி ஆபீஸில் அக்கா வேலை செய்வதைப் பார்த்து அங்கே பெரிய ஆபீஸர்தான் எழுதிப் போட்டார். அதோடு முடிந்த விஷயம். பிறகு எதற்கு இந்த உறை?

அக்கா சொன்னது: அந்தப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களுக்கென்று தனி இங்கிலீஷ் வகுப்பு உண்டு. படிப்பு தொடங்குமுன் பத்து வாரம். எல்லோருக்கும் ஒரே பாடம் இல்லையாம். அவரவருக்கு எது வரவில்லை, அவரவர் படிப்புக்கு எது வேண்டும் என்று பார்த்து ஆளுக்கொரு மாதிரி நடத்துவார்களாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கேள்வித்தாள்.

நம்ப முடியவில்லை. எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே பாடம், ஒரே பிரம்பு. ஆளுக்கொரு அளவில் சட்டை தைக்கலாம். இங்கிலீஷ் தைப்பார்களா?

அதுவும் அக்காவுக்கு எதற்கு? என் அக்கா மழை மாதிரி இங்கிலீஷ் பேசுவாள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

சனி, 4

வெக்கை. அம்மாவுக்குத் தலைவலி. தண்ணீர் ஆறு குடம் நானே.

சந்தேகமானவை:
நான் பக்கத்தில் போனால் அக்கா தாளைக் கவிழ்த்து வைக்கிறாள்.
தொடவே விடாத டிக்ஷனரியை என்னிடம் நீட்டி, "நீயே வச்சுக்க" என்றாள்.
"செல்வி, இதுல மட்டும் தலையிடாத" என்றாள். அப்படியென்றால் மற்றதில் தலையிடலாமா?
அவளுக்கு வியர்க்கிறது. (எல்லோருக்கும் வியர்க்கிறது. இது கணக்கில்லை.)

மத்தியானம் சூசைச் சித்தப்பா வந்தார். அய்யாவின் தம்பி. தனி வள்ளம் போட்டுப் பிரிந்துபோனதிலிருந்து அய்யாவும் அவரும் பேச்சில்லை. அய்யா கடலில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவார்.

"படிச்ச புள்ள நீயி. ஒனக்குத் தோணலையா தாயி? எடம் குடுத்தவன் எதுக்குத் திரும்பக் கேள்வி கேக்குறான்?"

"எனக்கும் அதான் சித்தப்பா."

"வீட்டுக் கதையெல்லாம் கேக்குறானாம்ல. என்ன எழுதுதுன்னு ஒரு எட்டுப் பாத்துச் சொல்லு. ஒன்ன விட்டா இந்தத் தெருவுல இங்கிலீசு வாசிக்க ஆரு இருக்கா?"

கடைசியாகச் சொன்னது உண்மை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அம்மா உள்ளேயிருந்து: "அங்கன என்ன ரகசியம்? காக்கா கருவாட்டத் தூக்குது, வெரட்டு."

திங்கள், 6

அக்கா மண்டபம் ரயிலுக்குப் போனபின் தேடினேன். பாசி உலர்த்தும் பழைய பேப்பர்க் கட்டுக்குள் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அரை மணி தாமதம். முட்டிக்கால் போட்டேன்.

ஒரு கேள்வி: வாரத்தில் யார் யாரோடு இங்கிலீஷில் பேசுகிறீர்கள்? அக்கா எழுதியிருந்தது: ஒருவரோடும் இல்லை. ஆபீஸர் பேசுவார். நான் எஸ் சார் என்பேன்.

இன்னொன்று: பேசும்போது எந்த இடத்தில் நின்றுவிடுகிறீர்கள்? பதில்: தொடங்கும் இடத்தில். இதுவரை வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அப்படித்தான் இருந்தது. எங்களிடம் சொல்லாததை முகம் தெரியாதவர்களிடம் எழுதியிருக்கிறாள்.

கடைசிக் கேள்வி: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, உங்கள் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க முடியாத ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதவும். டிக்ஷனரி கூடாது. எவர் உதவியும் கூடாது. இதை வைத்துத்தான் உங்கள் பாடம் அமையும். இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும்.

அக்கா எதை எழுதியிருக்கிறாள்? அய்யாவின் பாரை!

கடலுக்கடியில் பாறைமேடு, அதில் மீன் அடையும், அதற்குப் பார் என்று பெயர், மேலே வெறும் தண்ணீர்தான் தெரியும் என்று ஆரம்பம். என் தகப்பனார் கரையைப் பார்த்தே அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார். மாதா கோயில் சிலுவையும் ஓர் ஒற்றைப் பனையும் நேர்கோட்டில் வர வேண்டும். இப்படியே இரண்டு பக்கம். படம்கூடப் போட்டிருக்கிறாள்.

எங்கள் தெருவில் யாரும் தங்கள் பாரை மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். பின்னால் வேறு வள்ளம் வந்தால் அய்யா எங்கேயோ வலையைப் போட்டுவிட்டு அவர்கள் போகும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். இந்தக் கோடையில் எங்கள் வீட்டு உலை கொதிப்பது அந்த ஒரு பாரால். ஊர் வள்ளமெல்லாம் அங்கே போனால் பத்தே நாளில் வெறும் பாறைதான் மிஞ்சும்.

அமெரிக்காவுக்கு எதற்கு எங்கள் பார்?

புதன், 8

பூகோளம் முடித்தேன். மனத்தில் நிற்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சித்தப்பா ஸ்டேஷன் பக்கம் நின்றார். "என்ன தாயி, பாத்தியா?" சொல்லிவிட்டேன். பாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று மட்டும்.

"பாரப் பத்தியா! எத வச்சு எடத்தப் பிடிக்கிறதுன்னு இருக்கா?"

"இருக்கு."

"எத வச்சு?"

யாரோ வந்தார்கள். குரலைத் தாழ்த்தினார். "இது பெரிய வெவகாரம். சுங்கத்துல எனக்கு வேண்டியவுக இருக்காக. அந்தத் தாளு ரெண்டையும் நாளைக்குக் கொண்டா. காட்டிட்டுத் தந்துருறேன்."

சரி என்று தலையாட்டினேன்.

வியாழன், 9

தாளை எடுத்துச் சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்தாயிற்று. தெருமுனை வரை போனேன். அங்கே நின்று யோசித்தேன்.

சித்தப்பா அமெரிக்காவைப் பற்றி நேற்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அக்கா போனால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. எத வச்சு, எத வச்சு என்று இரண்டு தரம். சுங்கத்துக்காரருக்குப் பனைமரம் எதற்கு?

திரும்பி வந்தேன். அய்யா கொட்டகையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பாவிடம் சொன்னதையும்.

அய்யா கேட்டது ஒன்றுதான்: "எழுதிருச்சா?"

தாளை வாங்கி நாலாய் மடித்து மடியில் செருகிக்கொண்டார். அவருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான்.

சாயங்காலம் அக்கா ரயிலிலிருந்து வந்தாள், அய்யாவின் மடியில் தாளைப் பார்த்துவிட்டாள். "அய்யா, ஏர்மெயிலு போய்ச் சேரவே பத்து நாளு ஆகும்." அய்யா வலையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

அக்கா என்னிடம்: "நீதான?"

அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

வெள்ளி, 10

அய்யா கடலுக்குப் போகவில்லை. நல்ல நீரோட்டமாம், இருந்தும் போகவில்லை. அம்மா யாரோடும் பேசவில்லை, பாத்திரங்கள்தான் பேசின.

அக்கா ஆபீஸுக்குப் போனாள். போகும்போது அவள் கையெழுத்துப் போட்ட மற்றத் தாள்களை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள், மறைக்காமல். இனி மறைத்து என்ன.

கணக்கு: ஆறில் நாலு தப்பு.

சனி, 11

காலையிலேயே அய்யா அக்காவைக் கூப்பிட்டார். தாளை மடியிலிருந்து எடுத்தார். வியர்வையில் ஓரம் ஊறியிருந்தது.

"வாசி. தமிழ்ல சொல்லு."

அக்கா வாசித்து வாசித்துச் சொன்னாள். பனைமரம் வந்ததும் அய்யா நிறுத்தினார்.

"எந்தப் பன?"

"கல்லறைக்குப் பின்னால ஒத்தையா நிக்குமே, அது."

"அத வச்சா நான் போறேன்? ஆரு சொன்னா ஒனக்கு?"

"சின்னப்புள்ளையில நீங்க அம்மாகிட்டச் சொன்னீக. கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

அடுப்படியிலிருந்து அம்மா: "அடப்பாவி மனுசா! எங்கிட்டயே பொய்யா சொன்னீக?"

"நீ ஒன் தங்கச்சிகிட்டச் சொல்லுவ. அவ புருசனும் வள்ளத்துக்காரன்."

அம்மாவுக்குக் கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கரண்டி மட்டும் விழுந்த சத்தம்.

அய்யா ரொம்ப நேரம் தாளில் இருந்த படத்தையே பார்த்தார். பிறகு: "இந்தக் கோட்டுல போனா பாரும் இல்ல, மீனும் இல்ல. வலதான் கிழியும். இதவா வாத்தியாருக்கு அனுப்புவ?"

"அவுகளுக்கு எப்படித் தெரியும் அய்யா?"

"ஒனக்கு இப்பத் தெரியும்ல? எனக்குத் தெரியும்ல? எம்மக எழுதுனதுல பொய் இருக்குன்னு நான் கடல்ல ஒக்காந்து நெனைக்கணுமா? அந்தாளு என்ன, வள்ளம் கட்டிக்கிட்டு இங்கன வரவா போறாரு? எழுது."

கதவைச் சாத்தினார். சன்னலையும். என்னை வெளியே அனுப்பவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "யார் உதவியும் கூடாதுன்னு போட்டிருக்கு அய்யா."

"இங்கிலீசுக்குத்தான கூடாது? கடலுக்குக் கூடாதுன்னா போட்டிருக்கு?"

அக்கா கேட்கக் கேட்க அய்யா சொன்னார். எந்த மாதம், காற்று மாறினால் எப்படி, மேகம் மறைத்தால் எப்படி. அவள் கேட்டதை எண்ணினேன், இருபத்தொரு கேள்வி. புதிதாக இரண்டு பக்கம் எழுதினாள். அடித்தல் நிறைய. நான் ஒரு தப்பைப் பார்த்தேன், சொல்லவில்லை. அது அவள் பாடம்.

உண்மையான அடையாளங்கள் மூன்று. அவை

(இங்கே இரண்டு வரி எழுதினேன். மசி ஊற்றி அழித்துவிட்டேன். பின்பக்கத்திலும் தெரியவில்லை, வெயிலில் பிடித்துப் பார்த்தாயிற்று.)

ஞாயிறு, 12

மாதா கோயிலில் பூசை. சித்தப்பா இரண்டு வரிசை தள்ளி. என்னையே பார்த்தார். முக்காட்டை இழுத்துக்கொண்டேன்.

அய்யா சொல்லிவிட்டார்: நம் ஊர்த் தபாலாபீஸில் போடக் கூடாது. பாம்பனிலும் கூடாது. அந்த இரண்டு பக்கத்தில் ஊர்ப் பெயர் எங்கும் வரக் கூடாது, "தெற்கே ஒரு கரை" போதும். உறையைப் பசை போட்டு, அதற்குமேல் இன்னொரு தரம் பசை. அக்கா சிரித்தாள். பத்து நாளில் முதல் தரம்.

திங்கள், 13

நாளை இங்கிலீஷ் பரீட்சை. கட்டுரை இரண்டு பார்க்க வேண்டும்.

காலை ரயிலில் அய்யா ராமநாதபுரம் போனார், உறையை அவரே பெரிய தபாலாபீஸில் போட. வெள்ளை வேட்டி. வலது கையை வயிற்றை விட்டு எடுக்கவில்லை, உறை அங்கேதான். வயிற்றுவலி போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

நாலு மணிக்குச் சித்தப்பா வாசலில். உள்ளே வரவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"என்ன தாயி, தாளக் கொண்டாரேன்னு சொன்ன? நாலு நாளாச்சு."

"அக்கா அனுப்பிருச்சு சித்தப்பா."

"அனுப்பிருச்சா! சரி விடு. நீதான் வாசிச்சியே. எதையோ வச்சு எடத்தப் பிடிக்கிறதுன்னு சொன்னியே, அது என்னது? சிலுவையா? வேற என்ன?"

"பாசியப் பத்தித்தான் சித்தப்பா எழுதிருக்கு. பாசி எங்கன மொளைக்கும்னு."

"பாருன்னு சொன்னியே புள்ள. ஸ்டேசன்ல வச்சு. எங்காதால கேட்டேன்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"தப்பா வாசிச்சுட்டேன்."

"ஒனக்கா தப்பா வரும்? வகுப்புல நீதான மொதலு?"

"இல்ல சித்தப்பா. சும்மா எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராது" என்றேன்.