கஞ்சி மட்டும் குடித்த அம்மாவுக்கு

என் தங்க அம்மா,

ரமலான் தொடங்கிவிட்டது. நேற்று மாலை அஸ்தினாபுரம் பள்ளிவாசலிலிருந்து அண்ணன் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்தான். மூடியைத் திறந்ததும் உன் முகம்தான் கண்முன் வந்தது. நீ இல்லாத முதல் நோன்பு.

இரண்டு வருடத்துக்கு முந்தைய நோன்பை நினைத்துக்கொண்டேன். அப்போதே உனக்கு மறதி நோய் வந்து மூன்று வருடம். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லியிருந்தார். ஆனாலும் கடைசி வாரத்தில் நீ பகலில் வாயைத் திறக்க மறுத்தாய். இட்லித் தட்டைத் தள்ளினாய். மாலையில் கஞ்சியை மட்டும் குடித்தாய். "எல்லாம் மறந்துபோச்சு, நோன்பு மட்டும் மறக்கல பாத்தியா" என்று அண்ணன் கண்கலங்கினான். எனக்கும் பெருமை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னேன். வேறொன்றும் எனக்கு ஏன் தோன்றவில்லை?

பெருநாளன்று பிரியாணி ஊட்டினேன். துப்பிவிட்டு என் கன்னத்தில் அறைந்தாய். "யாருடி நீ? வெளிய போ" என்றாய். பெயர் மறந்த பிறகும் என்னை 'புள்ள' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் நீ. அன்றிலிருந்து இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்தாய். நோய் முற்றிவிட்டது என்று முடிவு செய்தோம். அண்ணன் கேளம்பாக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை உன்னைக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. உன் புடவைகளை நான்தான் மடித்து வைத்தேன்.

தடுத்தது செல்வியக்கா. பகலில் உன்னைப் பார்த்துக்கொள்ள வந்தவர், புதன்கிழமை உனக்குக் கஞ்சி ஊட்டும்போது என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வா. வலப்பக்கம் ஸ்பூன் பட்டாலே அம்மா மூஞ்சத் திருப்பிக்குது. உள்ள பல்லு எதனா கெட்டுப்போய் கீதா பாரு."

"நோய் முத்திடுச்சுக்கா. அதான்."

"நோயி முத்திச்சா பல்லு முத்திச்சான்னு தொறந்து பாத்தாதான தெரியும்? இவ்ளோ படிச்சிகினு வாய மட்டும் பாக்க மாட்டியா?"

பார்த்தேன். கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கி, சீழ் கட்டியிருந்தது. வலிக்கிறது என்று சொல்லும் வார்த்தை உன்னைவிட்டுப் போயிருந்தது. நாங்கள் கொண்டாடியது உன் நோன்பை அல்ல, அம்மா. உன் வலியை.

தாம்பரத்தில் பல்லை எடுத்தார்கள். உன் நரம்பு டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். "இந்த நோய்ல மூளைக்குள்ளேயே ஒரு அழற்சி இருக்கும்மா. அங்க காவலுக்கு இருக்கிற செல்கள் எப்பவும் பதட்டமா இருக்கும். உடம்புல வேற எங்கயாவது சீழ் புடிச்சா அந்தச் சேதி மூளைக்கும் போகும். காவல்காரங்க இன்னும் மிரண்டு, காப்பாத்த வேண்டிய செல்களையே தொந்தரவு பண்ணிடலாம். மறதிய என்னால குணப்படுத்த முடியாது. பல்ல சரி பண்ணலாம்."

பிறகு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அழற்சியால் நோயா, நோயால் அழற்சியா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது நான் உன்னிடம் பார்த்தது மட்டும்தான். பத்து நாள் கழித்து ஒரு காலையில் என் கையைப் பிடித்து, "புள்ள, பெருநாள் எப்ப?" என்றாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "நாளைக்கும்மா" என்றான். சொல்லிவிட்டு, கறி வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் பஞ்சுபோல வேகவைத்த கறியை அவனே உனக்கு ஊட்டினான். "ரெண்டு பெருநாளா? அப்போ எனக்கு ரெண்டு புடவ" என்றார் செல்வியக்கா. பல் போன இடம் தெரிய நீ சிரித்தாய். கேளம்பாக்கத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

நோய் நிற்கவில்லைதான். ஆனாலும் அதன் பிறகு ஒன்றரை வருடம் என்னைப் 'புள்ள' என்று கூப்பிட்டாயே, அது போதும் எனக்கு. அன்று என் கன்னத்தில் விழுந்த அறைக்கும் நன்றி, அம்மா. வலியை உன்னால் சொல்ல முடிந்தது அப்படித்தான்.

செல்வியக்கா இப்போது குரோம்பேட்டையில் ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொள்கிறார். முதல் நாளே டார்ச் அடித்து வாயைப் பார்த்தாராம். போன வாரம் எதிர்வீட்டு டீச்சர், மாமனார் திடீரென்று யாரையும் அடையாளம் தெரியாமல் கத்துகிறார் என்று அழுதார். "நோய் முத்திடுச்சு போல" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு அவருடன் கிளம்பிவிட்டேன்.

இனி யார் அப்படிச் சொன்னாலும், எங்கே வலிக்கிறது என்று முதலில் தேடுவேன், அம்மா. உனக்குத் தேடத் தவறிய நாட்களுக்கும் சேர்த்து.

பெயர் மறந்தும் நீ மறக்காத,
உன் புள்ள